தள்ளுபடிக்காரன்

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. ஆயிரம் ரூபா அபராதத்தை முந்நூறு ரூபாயில முடிச்சுட்டு வந்துட்டியாமே. உங்க ஆயா பால்காரன்கிட்ட, எதிர் வூட்டுக்காரிகிட்ட, ஆடு ஓட்டிகினு போறவன்கிட்ட எல்லாம் சொல்லி முடிச்சுட்டா. பேரன் கெட்டிக்காரனாம். தியாகராய நகர்ல ஆடி மாசம் மைக் கட்டிக் கூவுறானே, அவன்கூட நூத்துக்கு எழுபது கொறைக்க மாட்டான். நீ கொறைச்சுட்டு வந்திருக்கே. சபாஷ்.

ஒரே ஒரு சந்தேகம் எனக்கு. ரசீது எங்கே?

தெரியும், இருக்காது. ரசீதோட ஆயிரம், ரசீது இல்லாம முந்நூறு. அப்போ அந்தத் துண்டுக் காகிதத்தோட வெலை எழுநூறு ரூபா. செங்கல்பட்டு கோர்ட்டு வாசல்ல மனு எழுதியே உங்கப்பனைப் படிக்க வெச்சவன்டா நான். நாலு பக்கம் எழுதி வாங்கிக்குவான், பத்து ரூபா குடுப்பான், அதுலயும் ரெண்டு ரூபா பாக்கி சொல்லுவான். துண்டுக் காகிதத்துக்கு எழுநூறு வரும்னு அப்பவே தெரிஞ்சிருந்தா பேனாவை மூடிட்டு வேற மரத்தடிக்குப் போயிருப்பேன்.

சிரிக்காதே, கேளு. கலெக்டர் ஆபீசு காஞ்சிபுரத்துல இருந்த காலத்துலயும் ஜில்லா கோர்ட்டு நம்ம ஊர்லதான் இருந்துச்சு. 2019 நவம்பர் கடைசியிலதான் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆச்சு. கலெக்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கேஸு வந்துட்ட ஊர் இது. வக்கீலுங்க பேசினதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் நாலு செக்‌ஷன் வாயில வரும். அதை உனக்குச் சொல்லித் தர்றேன். பீஸ் வேணாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தை தில்லியில திருத்தினது 2019-ல. நம்ம கவர்மெண்டு மூணு வருஷம் யோசிச்சு, 2022 அக்டோபர்ல புது ரேட்டைப் போட்டுச்சு. ஹெல்மெட் இல்லேன்னா நூறா இருந்தது ஆயிரம் ஆச்சு. லைசன்ஸ் இல்லேன்னா ஐநூறு, அது ஐயாயிரம். குடிச்சுட்டு ஓட்டினா பத்தாயிரம். ஆம்புலன்ஸுக்கு வழி வுடலேன்னாலும் பத்தாயிரம். இதுவும் பத்தலேன்னா, பத்து மடங்கு வரைக்கும் மாநிலம் பெருக்கிக்கலாம்னு 210ஏ-ன்னு ஒரு பிரிவையே எழுதி வெச்சிருக்கான்.

ஏத்தினது நல்லதுக்குத்தான், நான் இல்லேன்னு சொல்லலை. நூறு ரூபாய்க்கு எவன் பயப்படுவான்? ஆனா அபராதம் நூறா இருந்தப்போ மரத்தடியில அம்பது. ஆயிரம் ஆன அப்பால முந்நூறு. கவர்மெண்டு யாருக்குச் சம்பளம் ஏத்தி வுட்டுச்சுன்னு நீதான் பி.காம். படிச்சவன், கணக்குப் போட்டுச் சொல்லு. கஜானாவுக்கு வரவேண்டிய ஆயிரம் வரலை. உன் மண்டைக்கு வரவேண்டிய ஹெல்மெட்டும் வரலை. ஆனா நீயும் சந்தோஷமா கிளம்பினே, அந்தப் போலீசுக்காரரும் சந்தோஷமா அனுப்பி வெச்சாரு. வாங்குறவனும் விக்கிறவனும் இவ்ளோ ஒத்துமையா இருக்கிற வியாபாரத்துல புகார் குடுக்க யார் வருவான்?

எந்த இடத்துல புடிச்சாங்கன்னு நான் கேக்கவே மாட்டேன். நீயும் சொல்லாதே, பேரு வெளிய போனா வம்பு. ஆனா எப்பேர்ப்பட்ட இடம்னு நானே சொல்றேன், சரியா பாரு. ரோடு வளையும். வளைவு தாண்டினதும் ஒரு மரம், நல்ல நெழல். தூரத்துல இருந்து பார்த்தா தெரியாது. பார்த்த அப்பால வண்டியைத் திருப்பவும் எடம் இருக்காது. ரெண்டு தடுப்பை இஸ்து குறுக்கே வுட்டிருப்பாங்க. அந்தத் தடுப்பு மேல நகைக்கடை விளம்பரம், இல்லேன்னா பிரியாணிக் கடை விளம்பரம் இருக்கும். ‘மெதுவாகச் செல்லவும்’னு கீழே சின்ன எழுத்துல, ‘செய்கூலி சேதாரம் இல்லை’ன்னு மேல பெரிய எழுத்துல. சேதாரம் யாருக்குன்னு நின்னு பணம் எண்ணினப்போ படிச்சியா?

சந்திப்புல நிக்க மாட்டாங்களான்னு கேக்குறியா? பூஞ்சேரிக் கூட்டு ரோட்டுல நாலு பக்கமும் வண்டி வருது. பழைய மாமல்லபுரம் ரோடு அங்க வந்து முட்டுது, திருக்கழுக்குன்றத்துல இருந்து வர்ற ரோடு ஒரு பக்கம், பாண்டிச்சேரி வண்டி ஒரு பக்கம். அங்க நின்னா கையைக் காட்டிக் காட்டித் தோள் இறங்கிடும். வேலை செய்யணும்டா. மரத்தடியில கையைக் காட்ட வேணாம், நீட்டினா போதும்.

கடற்கரை ரோட்டையே எடுத்துக்க. நீலாங்கரைப் பக்கம் சென்னைப் போலீசு. கோவளம் வந்தா தாம்பரம் கமிஷனர் ஆபீசு, அது 2022 ஜனவரியில ஆரம்பிச்சது. மகாபலிபுரம் வந்தா நம்ம மாவட்டப் போலீசு. ஒரே கடல், ஒரே காத்து, ஒரே தார் ரோடு, மூணு ஆளுகை. ஒருத்தர்கிட்ட முந்நூறு குடுத்தவன் அடுத்த எல்லையில போயி ‘அங்க குடுத்துட்டேன் சார்’னு சொல்ல முடியுமா? அதுக்குத்தான் ரசீது. மனசுல வெச்சுக்க, இதை அப்பால சொல்றேன்.

சனி ஞாயிறுல யாரை நிறுத்துறாங்கன்னு பார்த்திருக்கியா? கர்நாடகா நம்பர். பாண்டிச்சேரி நம்பர்னா டிக்கியைத் தொறந்து பாட்டில் தேடுவாங்க, அது வேற கதை. அப்பால, பைக்குல ஜோடியா போற பசங்க. கூட ஒரு பொண்ணு உக்காந்திருந்தா எவனுக்கும் பேரம் பேச நாக்கு வராது. வூட்டு அட்ரஸ் கேப்பாங்களோ, அப்பன் நம்பர் கேப்பாங்களோன்னு பயம் வேற. கேட்டதைக் குடுத்துட்டுப் பறந்துருவான். வண்டியில என்னா கொறைன்னு பார்க்குறதைவிட, வண்டியில யாருன்னு பார்க்குறது லாபம். நீ எதுக்குடா வேட்டி நுனியைத் திருகுறே? நான் பொதுவாத்தான் சொன்னேன்.

திருக்கழுக்குன்றம் மலைக்கு உச்சிப் பொழுதுல ரெண்டு கழுகு வரும். குருக்கள் சர்க்கரைப் பொங்கல் வெப்பாரு, தின்னுட்டுப் போயிடும். நான் கண்ணால பார்த்திருக்கேன். அதுங்க வராம நின்னு இருபது வருஷத்துக்கு மேல ஆவுது. ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றான். பாவம் பெருத்துப்போச்சுன்றான் ஒருத்தன். எனக்கு என்னமோ அதுங்க மலையை வுட்டு ரோட்டுக்கு இறங்கிடுச்சோன்னு ஒரு சந்தேகம். பொங்கல் ஒரு வேளைதானே, இங்க மூணு வேளையும் வருது.

சரி, பணத்தை எப்படிக் குடுத்தே? ரொக்கமாவா? சென்னையில 2018 மே மாசமே அபராதத்துக்கு ரொக்கம் கிடையாது, கார்டைத் தேய், மிஷின்ல சீட்டு வாங்குன்னு ஆரம்பிச்சு வெச்சாங்க. எதுக்கு? கைக்குக் கை காசு மாறக் கூடாதுன்னு. நல்ல ஏற்பாடு. அந்த மிஷின் நம்ம பக்கமும் வந்துட்டுது. ஆனா கவர்மெண்டு ஒரு கதவை மூடினா நம்ம ஆளு ஓட்டைப் பிரிச்சு இறங்குவான்டா. உன் கையில ரொக்கம் இல்லே. அவரும் ரொக்கம் தொட மாட்டாரு. அந்தாண்ட ஒரு டீக்கடை. கல்லா மேல சதுரமா ஒரு அட்டை, கட்டம் கட்டமா இருக்குமே, அது. அதுல நீ முந்நூறு அனுப்புனே. கடைக்காரன் போன் ‘முந்நூறு ரூபாய் பெறப்பட்டது’ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி பொம்பளைக் குரல்ல கத்தும். நீ டீயே குடிக்கலை. கவர்மெண்டு கணக்குல பார்த்தா அன்னிக்கு ஒரே ஆளு இருவது முப்பது டீ குடிச்சிருக்கான். அந்தக் கடைக்காரனுக்கு வருமான வரி நோட்டீஸு வந்தா அவன் எந்தக் கோர்ட்டு வாசலுக்கு வருவான் பாவம்? அப்பவும் நமக்குத்தான் மனு எழுதுற வேலை.

இதுல உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். லஞ்சம் வாங்கினாத்தான் குத்தம்னு நெனைச்சுகினு இருக்கே இல்லே? 2018-ல ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திட்டான். குடுத்தாலும் குத்தம். ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். ‘ஐயா, கட்டாயப்படுத்தி வாங்கிட்டாங்க’ன்னு சொல்றவனுக்கு ஒரு வழி வெச்சிருக்கான். குடுத்த ஏழு நாளைக்குள்ள போயி போலீசுலயோ விசாரிக்கிற அமைப்புலயோ சொல்லிடணும். நீ யார்கிட்ட போயி சொன்னே? உங்க ஆயாகிட்ட. அவ பால்காரன்கிட்ட சொன்னா. இது சட்டத்துல சேராது. அதுவும் நீ கட்டாயப்பட்டுக் குடுத்த மாதிரியா சொன்னே? ‘ஐநூறு கேட்டாரு தாத்தா, நான்தான் முந்நூறுக்கு முடிச்சேன்’னு மீசையைத் தடவிகினு சொன்னே. கட்டாயப்பட்டவன் பேரம் பேச மாட்டான்டா.

ஏன் தாத்தா, சாவியைப் புடுங்கிட்டாரே, நான் என்னா பண்ணட்டும்னு கேக்குறே. கேளு, இது நியாயமான கேள்வி.

எங்க காலத்துல சைக்கிள்ல ராத்திரி லைட்டு இல்லாம போனா புடிப்பாங்க. டபுள்ஸ் போனா புடிப்பாங்க. ஏட்டையா வந்து சக்கரத்துல வால்வு ட்யூபைப் புடுங்கி சட்டைப் பையில போட்டுகினு போயிடுவாரு. காத்து ‘புஸ்’ஸுன்னு போவும். மதுராந்தகத்துல இருந்து வூடு வரைக்கும் தள்ளிகினு வந்திருக்கேன், கோர்ட்டு இல்லே, கேஸு இல்லே. அந்த வால்வு ட்யூபுதான் இப்ப சாவியா வளர்ந்திருக்குது. வண்டிச் சாவியைப் புடுங்கலாம்னு சட்டத்துல எழுதி வெச்ச எடம் என் கண்ணுல படலை. வண்டியைப் புடிச்சு வெக்கிறதுக்கு 207-ன்னு பிரிவு இருக்குது: பதிவு இல்லாத வண்டி, லைசன்ஸ் இல்லாதவன் ஓட்டுற வண்டி, பெர்மிட் இல்லாத வண்டி, அதுமாதிரி. லைசன்ஸை வாங்கி வெச்சா 206-ம் பிரிவுல ஒரு ஒப்புகைச் சீட்டு குடுக்கணும். அதாவது, எதை எடுத்தாலும் கையில ஒரு காகிதம் குடுத்துட்டுத்தான் எடுக்கணும். சட்டம் எழுதினவனும் என்னை மாதிரி காகிதப் பைத்தியம்.

இன்னும் கேளு. காகிதம் காட்டுன்னு கேக்குறவர் சீருடையில இருக்கணும். கலர் சட்டை போட்டுகினு பைக்கு மேல சாஞ்சுகினு கேட்டா ‘ஐயா யாரு’ன்னு மரியாதையா கேக்கலாம். ஆர்.சி. புக்கு, இன்சூரன்ஸு எல்லாம் டிஜிலாக்கர்ல காட்டினா செல்லும், 2018-லயே விதியைத் திருத்திட்டான். போன்ல சார்ஜ் இல்லேன்னு வெச்சுக்க, 15 நாளைக்குள்ள கொண்டாந்து காட்ட 139-ம் விதியில எடம் இருக்குது. இத்தெல்லாம் மரத்தடியில நின்னு மேடைப் பேச்சு மாதிரி பேசாதே. விதி தெரிஞ்சவன்னு தெரிஞ்சா டயர்ல ஆரம்பிச்சு நம்பர் பிளேட்டுல எழுத்து அளவு வரைக்கும் எறங்கிடுவாங்க. நீ நம்பர் பிளேட்டுல சிங்கம் படம் ஒட்டி வெச்சிருக்கே. சிங்கம் அங்க கர்ஜிக்காது.

ஒண்ணை ஒண்டி வெளையாட்டா எடுத்துக்காதே. தடுப்பைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரைத் திருகிகினு ஓடுற பழக்கம் உனக்கு இருக்குதுன்னு கேள்விப்பட்டேன். 2018 மார்ச்சுல திருச்சி திருவெறும்பூர் பக்கம் ஹெல்மெட் சோதனை. புருஷனும் பொண்டாட்டியும் பைக்குல வந்தாங்க, நிக்கலை. இன்ஸ்பெக்டர் துரத்திகினு போயி வண்டியை எட்டி ஒதைச்சாரு. அந்தப் பொண்ணு கீழே வுழுந்து செத்துப்போச்சு. ஊரே ரோட்டுக்கு வந்துச்சு, இன்ஸ்பெக்டரைக் கைது பண்ணாங்க. நூறு ரூபா குத்தம்டா அன்னிக்கு. நூறு ரூபாய்க்கு ஓடினவனுக்கும் அறிவு இல்லே, நூறு ரூபாய்க்கு ஒதைச்சவருக்கும் இல்லேன்னு சொல்லிட்டு நான் போயிடலாம். ஆனா ஒதைச்சவர் சம்பளம் வாங்குறவரு.

அபராதமே வேணாம்னு சொல்றவன் இல்லே நான். 2022-ல ஒண்டி நம்ம தமிழ்நாட்டு ரோட்டுல 17,884 பேர் செத்திருக்காங்க. அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில நாட்டுலயே நாமதான் மொதல். இங்க, நம்ம பக்கத்துலயே, 2024 நவம்பர் 27, பழைய மாமல்லபுரம் ரோட்டுல பண்டிதமேடு. மாடு மேய்க்க வந்த அஞ்சு பொம்பளைங்க ரோட்டோரமா உக்காந்திருந்தாங்க. வேகமா வந்த கார் ஏறி அஞ்சு பேரும் போயிட்டாங்க. நடுரோட்டுல இல்லே, ஓரத்துல. பட்டப்பகல்ல. ஓட்டினது எளவட்டப் பசங்க. அந்த மாதிரி வேகத்தை நிறுத்துறதுக்குத்தான் அபராதம்னு ஒண்ணு இருக்குது. ஆனா அந்த வேகத்துல வர்ற காரை மரத்தடியில நின்னு நிறுத்த முடியுமா? உசிரு போயிடும். அதனால நாப்பதுல வர்ற உன் மொபெட்டை நிறுத்துறாங்க. கெடைக்கிறது தானே வலையில வுழும்.

நாப்பதுன்னதும் ஞாபகம் வருது. 2023 ஜூன்ல சென்னையில வேகத்தை அளக்குற துப்பாக்கி வெச்சாங்க. பகல்ல நாப்பது கிலோமீட்டருக்கு மேல போனா அபராதம்னாங்க. ராத்திரியில அம்பது. ஜனம் கூச்சல் போட்டுச்சு. நாப்பதுல போனா பின்னாடி வர்ற மாநகர பஸ்ஸு முதுகுல ஏறிடும்னாங்க. சரின்னு நிறுத்தி வெச்சுட்டு, நவம்பர்ல புது அளவு சொன்னாங்க: காருக்கு அறுபது, பைக்குக்கு அம்பது, ஆட்டோவுக்கு நாப்பது, குடியிருப்புத் தெருவுல முப்பது. துப்பாக்கியை வாங்கிட்டு அப்பால எதைச் சுடணும்னு யோசிச்ச கதைதான். அது போவட்டும், சத்தம் போட்ட அப்பாலயாவது கேட்டாங்க இல்லே. அதுக்கு ஒரு கும்புடு.

வசூல்னு வந்துட்டா கணக்கு எப்படி எப்படியோ போவும். நம்ம பரனூர் டோல்கேட்டைப் பாரு. 2019 ஆகஸ்டுல இருந்து 2020 ஜூன் வரைக்கும் அந்த வழியாப் போன வண்டியில பாதிக்கு மேல காசு கட்டாம போன விஐபி வண்டின்னு கணக்குல இருந்துச்சுன்னு 2023-ல தணிக்கைத் துறை அறிக்கையிலயே வந்துட்டுது. செங்கல்பட்டைச் சுத்தி இத்தனை விஐபி இருக்கிறாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

இப்ப உன் கதைக்கு வருவோம். நீ டீக்கடைப் பக்கம் போன் நோண்டிகினு இருந்தப்போ, இன்னொருத்தர் அந்தாண்ட நின்னுகினு தன்னோட போனை எடுத்து உன் வண்டி நம்பரைப் படம் புடிச்சாரா, இல்லையா? நீ பார்த்திருக்க மாட்டே. எப்படிப் பார்ப்பே, முந்நூறைப் பத்திரமா அனுப்புற கவலை.

இந்தா, என் போனைப் பாரு. வண்டி யாரு பேர்ல இருக்குது? என் பேர்ல. எஸ்.எம்.எஸ். யாருக்கு வரும்? எனக்கு. ‘ஹெல்மெட் அணியாமல் ஓட்டியது, அபராதம் ஆயிரம் ரூபாய்.’ நீ மரத்தடியில சபாஷ் வாங்கிகினு வந்த அதே நாளு, அதே நேரம். மொத்தம் ஆயிரத்து முந்நூறுடா தள்ளுபடிக்காரா!

‘அது டுபாக்கூர் மெசேஜ் தாத்தா, தொடாதே’ன்றியா? நல்ல புள்ளை, இது ஒண்ணாவது தெரிஞ்சு வெச்சிருக்கே. வாட்ஸ்அப்புல ‘உங்க வண்டிக்கு சலான் வந்திருக்கு, இந்த ஆப்பை இறக்குங்க’ன்னு ஒரு பைல் வரும். பேர் கடைசியில ஏபிகே-ன்னு இருக்கும். இறக்கினா போன்ல வர்ற ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போவும், பேங்குல இருக்கிறது அப்பால அவன் பேங்குக்குப் போவும். அவனுக்கு மரமும் வேணாம், நெழலும் வேணாம், வெயில்ல நிக்கவும் வேணாம். அப்படி மாட்டினா உடனே 1930-க்குப் போன் பண்ணணும். ஆனா இது அது இல்லே. நான் கவர்மெண்டு பரிவாஹன் பக்கத்துல, முகவரி ஜி.ஓ.வி. டாட் இன்-னு முடியுதான்னு மூக்குக் கண்ணாடி போட்டுகினு பார்த்துத்தான், வண்டி நம்பரை நானே அடிச்சுப் பார்த்தேன். மெய்யாலுமே இருக்குது. படத்தோட.

கோர்ட்டுல எதிர்க்கலாமான்னு கேக்குறே. எதிர்க்கலாம். 2021-ல மத்திய விதியில 167ஏ-ன்னு ஒண்ணு சேர்த்தாங்க. கேமரா வெச்சுப் புடிச்சா, அந்தக் கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் இருக்கணும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். கேமரா இருக்குதுன்னு எச்சரிக்கைப் பலகை வெச்சிருக்கணும். குத்தம் நடந்த 15 நாளைக்குள்ள நோட்டீஸு வரணும். சட்டைப் பையில இருந்து எடுத்த சொந்தப் போனுக்கு எந்தச் சான்றிதழ், அந்த மரத்துல எந்தப் பலகைன்னு நீ கேக்கலாம். நல்ல கேள்வி, மனுவுல நானே அழகா எழுதித் தர்றேன். ஊர்ல எவனாவது இதைக் கேட்டாத்தான் அந்தப் பழக்கம் நிக்கும். ஆனா ஜட்ஜையா மூக்குக் கண்ணாடியை எறக்கிட்டு உன்னை ஒரே ஒரு கேள்வி கேப்பாரு: தலையில ஹெல்மெட் இருந்துச்சாப்பா? அப்போ இன்னா சொல்லுவே? முழங்கையில மாட்டியிருந்தேன்னா?

2015 ஜூலையில ஐகோர்ட்டு உத்தரவுல ஹெல்மெட் கட்டாயம்னு ஆனப்போ செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு வெளிய கொய்யாப்பழம் வித்தவன்லாம் ஹெல்மெட் வித்தான். ஒரு வாரத்துல வெலை ரெட்டிப்பு. அன்னிக்கு உங்கப்பன் வாங்கினதைத்தான் நீ இன்னும் டேங்கு மேல குந்த வெச்சு ஊர்வலம் கூட்டிகினு போறே. சட்டத்துல ‘கட்டியிருக்கணும்’னு இருக்குது, வாரை மாட்டி இறுக்கி. பக்கத்துல வெச்சுக்கச் சொல்லலை.

போலீசுக்காரங்களை ஒண்டி நான் திட்டலைடா. சித்திரை வெயில்ல கோவளத்துல இருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் எங்க வேணா ஒரு மணி நேரம் நின்னு பாரு, அப்பால பேசு. மேலே இருந்து இன்னிக்கு எத்தனை கேஸுன்னு கேக்குறாங்கன்னு அவங்களே சொல்லுவாங்க. மாசக் கடைசியில சோதனை ஏன் ஜாஸ்தின்னு கேட்டா வானத்தைப் பார்ப்பாங்க. கேஸு எண்ணிக்கையை வெச்சு ஒருத்தனை அளந்தா அவன் சுலபமான கேஸைத்தான் புடிப்பான். அதுல நல்லவங்களும் இருக்காங்க. ரசீது போடுறேன்னு மிஷினை எடுத்தவர்கிட்ட ‘சார், வேணாம் சார், பார்த்துக்கலாம் சார்’னு மொதல்ல கெஞ்சினது யாரு? வாயைத் தொற. நீதானே? அவர் மிஷினை உள்ள வெச்சாரு.

ஒரு பிரிவு ஒண்டி சொல்லிட்டு வுட்டுடறேன், கேட்டா உனக்குக் கொஞ்சம் குளிரும். 210பி. சட்டத்தை அமல் பண்ற அதிகாரியே இந்தச் சட்டத்தை மீறினா, அவருக்கு ரெட்டிப்பு அபராதம். ஹெல்மெட் இல்லாம புல்லட்டுல போற ஐயாவைப் பார்த்தா ரெண்டாயிரம் ரூபா போவுதுன்னு மனசுக்குள்ள எண்ணிக்க. மனசுக்குள்ள. சிங்கம் பிளேட்டு வெச்சுகினு வாய்விட்டு எண்ணாதே.

இப்ப நான் சொல்றதைச் செய். மொதல்ல அந்தச் சிங்கத்தைக் கிழி. அப்பால ஆயிரத்தைக் கட்டு, பரிவாஹன்லயே கட்டு, ரசீதை எனக்கு அனுப்பு. வண்டியை உன் பேர்ல மாத்தித் தர்றேன்னு தை மாசமே சொன்னேன் இல்லே? சலான் பாக்கி இருந்தா ஆர்.டி.ஓ. ஆபீசுல பேர் மாத்தம் நவுராது. கட்டிட்டு வா, கையெழுத்துப் போடுறேன். அப்பால வர்ற மெசேஜெல்லாம் உன் போனுக்கே வரட்டும், எனக்குத் தூக்கம் போவுது.

ஹெல்மெட் ரெண்டு வாங்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கு, ரோட்டோரத்துல கொய்யாப்பழக்காரன்கிட்ட வாங்காதே. எதுக்கு ரெண்டா? பின்னாடி உக்கார்றவங்களுக்கும் வேணும், அதுக்கும் ஆயிரம்தான்.

சலான்ல படம் இருக்குதுன்னு சொன்னேனே. நல்லாத் தெளிவா எடுத்திருக்காரு அந்தப் போலீசுக்காரர், கெட்டிக்காரர். நம்பர் தெரியுது, சிங்கம் தெரியுது, உன் காலித் தலை தெரியுது. பின்னாடி பச்சைத் துப்பட்டாவால முகத்தைச் சுத்திகினு ஒரு பொண்ணு. உங்க ஆயாவுக்கு நான் இன்னும் காட்டலை. அவளுக்கு ஜூம் பண்ணத் தெரியும்.

பயப்படாதே, எனக்குத் தள்ளுபடி எல்லாம் வேணாம். யாரு வூட்டுப் பொண்ணுடா?